குதிரை விற்போர் எழுதவேண்டிய விளம்பரம்

பயிரை விளைவிப்பதில் நமது குடியானவர்கள் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட, விளைந்ததை விற்பதில் காட்டுவதில்லை. ஊத்துக்குளி வட்டாரத்தில் பல ஆண்டுகளாகக் கிராமந்தோறும் சென்று வரும் நாம் இதை நேரில் கண்டிருக்கிறோம். கால்நடைகளை விற்பதில் இக்குறை இன்னும் அதிகம். குதிரை விற்பனையிலோ சொல்லவேண்டியதில்லை. இரண்டு மூன்று வருஷம் கொள்ளும் புல்லும் கொடுத்து வளர்த்த பிராணியை விற்க முற்படுகிறவர், அதைப் பற்றி எழுதும் நாலு வரிக்குக் கால் மணி நேரங்கூடச் செலவிடுவதில்லை. அந்த நாலு வரியால் விளையும் நஷ்டம் எத்தகையது என்பதையும், அதை எவ்விதம் எழுதினால் விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்கும் அனுகூலம் உண்டாகும் என்பதையும் இங்கு விளக்குவோம்.

நமது வட்டாரம் குதிரைக்குப் பெயர்போனதன்று. எருமை வெண்ணெய்க்கும் காங்கயம் மாட்டுக்கும் பெயர் பெற்றது. எனினும் ரேக்ளாப் பந்தயத்துக்கும், திருவிழா, கலியாண ஊர்வலங்களுக்கும், தோட்டம் சுற்றிப் பார்ப்பதற்கும், பிள்ளைகளின் சவாரிக்குமாக ஒன்றிரண்டு குதிரைகளை வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் இங்கும் உளர். அவர்களுக்கே இது முக்கியமாக எழுதப்படுகிறது. ஆயினும் மாடு விற்போருக்கும் இதில் கூறும் முறைகளிற் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒரு பெட்டைக் குதிரையின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் ஊத்துக்குளிக்கு அடுத்த ஒரு கிராமத்தில் நமக்குப் பழக்கமான குடியானவர் ஒருவர் 8 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை விற்க எண்ணினார். "நல்ல குதிரை விற்பனைக்கு. சுழி சுத்தம். மிகவும் சாது. விலை நேரில்" என்று எழுதி வெளியிட்டார். ஒரு மாதத்தில் இருபது பேருக்கு மேல் வந்து பார்த்தனர். ஒருவர் பந்தயத்துக்கு வேண்டுமென்று வந்தவர். குதிரை வண்டியிற் பழகாதது என்று கேட்டுத் திரும்பினார். ஒருவர் ஆண் குதிரை என்று நினைத்து வந்தவர். வேறு பலர் விலையைக் கேட்டதும் போய்விட்டனர். வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தும், குதிரையை அவிழ்த்துக் காட்டியும், தோட்ட வேலை கெட்டதே அவர் கண்ட பலன்.

கடைசியில் வெளியூர்க்காரர் ஒருவர் தமது 14 வயது மகனுக்காக அதை வாங்கிச் சென்றார். அக்குதிரை வீட்டிலும் தோட்டத்திலும் உண்மையாகவே சாது. ஆனால் பின்னால் லாரி ஊதினால் மிரண்டு பக்கவாட்டில் பாயும். இது விற்றவருக்குத் தெரியும். வாங்கிய மூன்றாவது வாரத்தில் தார்ச்சாலையில் பையன் கீழே வீழ்ந்து கை முறிந்தது. தகப்பனார் குதிரையைத் திரும்பக் கொண்டுவந்து வாசலிற் கட்டினார். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். "அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்றார் விற்றவர். "கேட்கவேண்டிய அவசியம் என்ன? மிகவும் சாது என்று நீரே எழுதியிருக்கிறீரே" என்றார்கள் பெரியவர்கள். வாங்கிய பணத்தையும், வைத்தியச் செலவில் ஒரு பகுதியையும் அவர் கொடுக்க நேர்ந்தது. பையனுக்குக் கை கூடியது. ஆயினும் முன்போல் முழுதும் நீட்ட வரவில்லை.

அதன்பின் அவர் நம்மிடம் வந்து, வேறு விளம்பரம் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். குதிரையின் வயது, உயரம், பழக்கம் யாவற்றையும் எழுதி, "லாரி, பஸ் ஊதலுக்கு மிரளும், சாலைச் சவாரிக்கும் சிறுவர்க்கும் ஏற்றதன்று" என்ற வாக்கியத்தையும் சேர்த்தோம். அவர் முதலில் தயங்கினார். "இதைப் படித்தால் எவன் வருவான்?" என்றார். வந்தவர்கள் நால்வரே. அவர்களில் மூன்றாமவர், சாலைக்கு வெகுதூரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். தோப்பைச் சுற்றிவர ஒரு குதிரை வேண்டியிருந்தவர். முன் விற்ற விலைக்குச் சற்றுக் குறைத்து அவர் வாங்கிச் சென்றார். குதிரை இன்றும் அங்கேயே இருக்கிறது. விலையிற் குறைந்தது, முதல் விற்பனையால் வந்த செலவிற் பாதிகூட இராது.

விளம்பரத்தின் வேலை யாது?

பலர் கூட்டம் சேர்ப்பதே விளம்பரத்தின் வேலை என்று எண்ணுகின்றனர். இது தவறு. குதிரை ஒன்று, அதை வாங்குகிறவரும் ஒருவரே. அந்த ஒருவரை அழைத்து வருவதும், ஏனையோரை வீட்டிலேயே இருக்கச் செய்வதும் விளம்பரத்தின் வேலையாகும். தனக்கு உதவாத குதிரை என்பதைப் படித்தவுடன் ஒருவர் தெரிந்துகொள்வாராயின், அவருக்குப் பிரயாணச் செலவு மிச்சம். விற்பவருக்குப் பொழுது மிச்சம்.

நமக்கு அண்மையிலுள்ள திருப்பூரில் ஒரு பனியனுக்கு வெளியூரிலிருந்து உத்தரவு வரும்போது, மார்பளவு இவ்வளவு, நீளம் இவ்வளவு, ஒரு சதுர மீட்டர் துணியின் எடை இத்தனை கிராம், சாயம் இன்னது என்று யாவும் எழுத்தில் வருகின்றன. அளவு தவறினால் சரக்கு திரும்பி வரும் என்பது அங்குள்ள சிறு பையனுக்கும் தெரியும். பனியனுக்கு இவ்வளவு எழுதும் சீமையில், அதைவிடப் பன்மடங்கு விலையுள்ளதும் உயிருள்ளதுமான குதிரைக்கு "நல்ல குதிரை" என்று மட்டும் எழுதுதல் எவ்விதத்தில் நியாயம்?

குதிரையைப் பொறுத்தவரை எழுதிக் கூறவேண்டிய அவசியம் நமது நாட்டில் மற்ற இடங்களைவிட அதிகம். காங்கயம் மாட்டை எடுத்துக்கொண்டால், அது எந்தப் பட்டியில் பிறந்தது, தாய் எது, காளை எது என்று பத்து மைல் சுற்றளவில் யாரேனும் சொல்லக்கூடும். குதிரையோ பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. மார்வாரி ராஜஸ்தானத்திலிருந்தும், கத்தியவாரி குஜராத்திலிருந்தும் கைமாறிக் கைமாறி வருவன. அதன் முன்வரலாறு அதை வைத்திருப்பவருக்கன்றிப் பிறருக்குத் தெரியாது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட வெனிஸ் நகரத்து யாத்திரிகரான மார்க்கோ போலோ, கடல் வழியே ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் இங்கு வந்திறங்கியதையும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவை மடிந்ததையும், மறுபடி மறுபடி விற்கலாம் என்ற எண்ணத்தால் வியாபாரிகள் லாடக்காரரை இங்கு வரவிடாததையும் எழுதி வைத்திருக்கிறார். தெரிந்ததை மறைத்து வைத்து ஆதாயம் தேடும் வழக்கம் குதிரை வியாபாரத்தில் அவ்வளவு பழமையானது. வாங்க வருகிறவர் சந்தேகத்தோடேயே வருவதற்கும் அதுவே காரணம். அச்சந்தேகத்தை நீக்கும் விளம்பரத்துக்கே மதிப்பு உண்டு.

முதலில் எழுதவேண்டியவை: இனம், பால், வயது, உயரம், நிறம்

இனம் தெரிந்தால் எழுதுக. தெரியாவிடில் "இனம் தெரியாது" என்றோ "கலப்பு" என்றோ எழுதுவதில் இழிவில்லை. காதின் நுனிகள் உட்புறம் வளைந்து ஒன்றையொன்று நோக்குவது மார்வாரி, கத்தியவாரி ஆகிய இரண்டுக்கும் உரிய அடையாளம். கலப்பினக் குதிரைகளிலும் அது காணப்படுமாதலால், காதை மட்டும் கண்டு சுத்த இனம் என்று எழுதலாகாது.

பால் கூறும்போது பெட்டை, பொலிக்குதிரை, காயடித்தது என்ற மூன்றில் எது என்று தெளிவாகக் குறிக்கவேண்டும். பெட்டை சினையாயிருந்தால், பொலிக்குதிரை எது, எந்தத் தேதியில் சேர்ந்தது என்பவற்றைச் சேர்க்க. சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதமாதலால், தேதி தெரிந்தால் வாங்குபவர் ஈனும் காலத்தைக் கணக்கிட்டுக்கொள்வார்.

வயதைப் பல்லைக் கொண்டு மதிக்கலாம். முன்வாயின் நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அவற்றை அடுத்தவை மூன்றரை வயதிலும், ஓரப்பற்கள் நாலரை வயதிலும் பால்பல் விழுந்து முளைக்கின்றன. 5 வயதில் வாய் சேர்ந்துவிடும். அதுவரை ஏறக்குறையச் சரியாகவும், அதன்மேல் உத்தேசமாகவுமே வயது சொல்ல முடியும். சுமார் 10 வயதில் மேல்தாடையின் ஓரப்பல்லில் ஈறோரமாக ஒரு கோடு தோன்றி, 15 வயதளவிற் பாதிப் பல்லுக்கும், 20 வயதளவில் முழுப் பல்லுக்கும் இறங்கும். ஆகையால் 15 வயதுக் குதிரையை 9 வயது என்று எழுதுகிறவர், பல் பார்க்கத் தெரிந்த ஒருவர் வந்தால் அந்த இடத்திலேயே பொய்யராவார். பிறந்த தேதி தெரிந்தால் தேதியையும், இல்லாவிடில் "பல் பார்த்து மதித்தது" என்ற சொற்களையும் எழுதுக.

உயரத்தை அளக்கும் முறையிலேயே பல பிழைகள் நேர்கின்றன. பிடரி மயிர் முடியுமிடத்திலுள்ள தோள்முகட்டிலிருந்து தரை வரை அளப்பதே உயரம், தலையின் உயரமன்று. சமமான கெட்டித் தரையில் நான்கு கால்களும் நேராக நிற்கும்படி நிறுத்தி, நிமிர்ந்த கோலால் அளக்க வேண்டும். உடம்பின் வளைவின்மேல் நாடாவை ஓட்டினால் அளவு கூடிவிடும். வடநாட்டிலிருந்து வரும் வியாபாரிகள் சிலர் "கை" என்ற அளவிற் சொல்வார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம். 14.2 என்று எழுதினால் 14 கை 2 அங்குலம், அதாவது 58 அங்குலம் என்று பொருள். புள்ளியைத் தசாம்சமாக எண்ணி ஏமாறுவோர் உளர். அங்குலத்திலேயே எழுதிவிடுவது உத்தமம்.

நிறத்தையும் வெண்குறிகளையும் குறிக்கவேண்டும். நெற்றியிலும் நான்கு கால்களிலும் வெண்மையுள்ளது பஞ்ச கல்யாணி என்பதும், தோலும் வெளுத்த வெள்ளைக் குதிரை நுக்ரா என்பதும் சந்தையில் யாவருக்கும் தெரிந்த பெயர்கள்.

சுழியைப் பற்றி

நமது பக்கத்தில் குதிரை வாங்குகிறவர் முதலிற் பார்ப்பது சுழி. விளம்பரங்களில் "சுழி சுத்தம்" என்ற சொல் இல்லாதது அரிது. சுழியினால் ஒரு குடும்பத்துக்கு நன்மையோ தீமையோ வரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. குதிரையின் காலும் குளம்பும் மூச்சும் பார்க்காமல் சுழி மட்டும் பார்த்து வாங்கி நஷ்டப்பட்டோர் பலர்.

எனினும் சுழியை எழுதவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தெளிவாக எழுதவேண்டும் என்றே சொல்லுகிறோம். நெற்றி, கழுத்து, மார்பு, விலா ஆகிய இடங்களில் சுழிகள் அமையும் விதம் குதிரைக்குக் குதிரை வேறுபடும். அதனாலேயே பிற தேசங்களிலும் குதிரைக்குரிய அடையாளப் பத்திரத்தில் சுழி இருக்கும் இடங்களைப் படத்தில் குறித்து வைக்கிறார்கள். ஆகவே, "சுத்தம்" என்ற ஒரே சொல்லுக்குப் பதிலாக, "நெற்றியில் ஒன்று, கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று" என்று இருக்குமிடத்தை எழுதினால், நம்புகிறவருக்கு அவர் கேட்கும் விவரம் கிடைக்கும். குதிரை களவு போனாலும், மாற்றிக் கட்டப்பட்டாலும் அடையாளம் காட்டவும் அது உதவும்.

வேலையும் குணமும்

வாங்குகிறவர் குதிரையைக் கொண்டு என்ன செய்யலாம் என்று அறியவே விரும்புகிறார். சேணத்துக்குப் பழகியதா, வண்டிக்குப் பழகியதா, இரண்டுக்குமா, ஒன்றுக்குமில்லையா என்பதையும், கடைசியாக எப்போது ஏறி ஓட்டப்பட்டது என்பதையும் எழுதவேண்டும். ஆறு மாதம் கட்டிலேயே நின்ற குதிரை, முன்பு எவ்வளவு பழகியிருந்தாலும், மறுபடி ஏறும் நாளில் புதுக் குதிரைபோலவே நடக்கக்கூடும். யார் ஏறினார்கள் என்பதும் அவசியம். தேர்ந்த சவாரிக்காரரிடம் அடங்கியிருப்பது சிறுவரிடம் அடங்கும் என்பது நிச்சயமில்லை.

"சாது", "முரடு" என்னும் சொற்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கொள்வர். ஆகையால் குணத்தைச் செய்கையால் கூறுக. குளம்பைத் தூக்கக் கொடுக்குமா? லாடம் அடிக்கும்போது நிற்குமா? கடிவாளம் போட வாய் திறக்குமா? தனியே விட்டாற் கத்துமா? மற்றக் குதிரைகளைக் கடிக்குமா, உதைக்குமா? லாரியில் ஏறுமா? மேளத்துக்கும் வெடிக்கும் நிற்குமா? இவை ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுத இரண்டு வரி போதும். அவ்விரண்டு வரியில் வாங்குகிறவரின் எலும்பும், சில சமயம் உயிருமே அடங்கியிருக்கின்றன.

தீனியையும் எழுதுவது நலம். கொள்ளு எத்தனை படி, புல் எது, கொறங்காட்டில் மேய்ந்து பழகியதா, கட்டுத் தீனியா என்பது தெரிந்தால், புதிய இடத்தில் தீனியைச் சிறிது சிறிதாக மாற்றலாம். திடீரென மாற்றினால் குதிரைக்குக் கடும் வயிற்றுவலி கண்டு, சில சமயம் உயிருக்கே அபாயம் நேரிடும்.

குறைகளை எழுதுதல்

இதுவே விளம்பரத்தின் உயிர்நாடி. இதையே யாவரும் விட்டுவிடுகின்றனர். குறையில்லாத குதிரை இல்லை. முன்பு நொண்டியிருந்தால் எந்தக் கால், எப்போது, இப்போது எவ்விதம் என்று எழுதுக. கண்ணில் பூ, மூச்சிரைப்பு, ஆறிய புண், காடி மரத்தைக் கடித்துக் காற்று விழுங்கும் கெட்ட வழக்கம் ஆகியவற்றை மறைக்காது கூறுக. குறையைத் தானே கூறுகிறவன் மற்றவற்றிலும் பொய் சொல்லமாட்டான் என்று படிப்பவர் எண்ணுவது இயல்பு. அன்றியும், நேரில் வந்தபின் கண்டுபிடிக்கப்படும் சிறு குறையானது, முன்பே எழுதப்பட்ட பெருங்குறையைவிட அதிகமாக விலையைக் குறைக்கும்.

நோய் விஷயத்தில் மறைத்தல் பெரும் பாவமாகும். கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றுக்கு வருவது. மனிதருக்கும் தொற்றி உயிரைக் கொள்ளக்கூடியது. மூக்கிலிருந்து சீழ் வடிதல், மூக்கினுள் புண், தோலில் முடிச்சுகள் ஆகியவை அதன் குறிகள். இந்நோய்க்கென 1899-ஆம் வருஷத்திலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2009-ஆம் வருஷத்திய கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அதன் இடத்தில் இப்போது நடைமுறையில் உள்ளது. சந்தேகமுள்ள பிராணியை விற்கவோ, சந்தைக்கு ஓட்டவோ கூடாது. உடனே கால்நடை வைத்தியருக்கும் கிராம அதிகாரிக்கும் தெரிவிக்கவேண்டும். இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அத்தாட்சியின் தேதியை விளம்பரத்திற் சேர்ப்பது வாங்குகிறவருக்குப் பெரும் தைரியமளிக்கும்.

நொண்டலை மறைக்க வலி தெரியாத மருந்தைச் செலுத்திக் காட்டுவதும் சில இடங்களில் நடக்கிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்குள் புண்பட்ட காலில் பாரம் ஏற்றி ஓட்டுவதால் பிராணியின் கால் நிரந்தரமாகக் கெட்டுப்போகவும் கூடும். இதற்கு மேற்பட்ட கொடுமை வேறில்லை. வதையினால் துன்புறும் பிராணியை விற்க முன்வருவதே 1960-ஆம் வருஷத்திய பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

சட்டம் கூறுவது

கிராம அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் அறிந்துகொள்வது நலமாதலால், இவ்விஷயத்தில் சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகக் கூறுவோம். 1872-ஆம் வருஷத்திய இந்திய ஒப்பந்தச் சட்டம் மோசடி இன்னது என்று விளக்குமிடத்தில், அதாவது 17-ஆம் பிரிவில், குதிரை விற்பனையையே உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. தன் குதிரை குறையுள்ளது என்று அறிந்த ஒருவன் ஏலத்தில் விற்கும்போது வாய் திறவாதிருந்தால், அம்மௌனம் மட்டும் மோசடியாகாது. ஆனால் வாங்குபவள் அப்போதுதான் பிராயமடைந்த அவனுடைய மகளாயிருந்தால், குறையைக் கூறுவது அவன் கடமையாகலாம். மேலும், "நீர் மறுக்காவிட்டால் குதிரை குறையற்றது என்றே கொள்வேன்" என்று வாங்குபவன் சொல்லியும் விற்பவன் பேசாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமமாகும்.

ஆகவே மௌனத்துக்குச் சட்டத்தில் ஓரளவு இடமுண்டு என்று சிலர் மகிழக்கூடும். ஆனால் விளம்பரம் என்பது மௌனமன்று, எழுத்து. தெரிந்தே பொய்யை உண்மைபோல் எழுதினால் அது மோசடி. ஏமாந்தவர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிடலாம். 1930-ஆம் வருஷத்திய சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, விவரம் கூறி விற்ற சரக்கு அவ்விவரத்துக்கு ஒத்திருக்கவேண்டும். "வண்டிக்குப் பழகியது" என்று எழுதி விற்றபின், வண்டியிற் கட்டியதும் படுத்துக்கொள்ளும் குதிரைக்கு எழுதியவரே பதில் சொல்லவேண்டிவரும்.

விலையை எழுதுதல்

நமது மாட்டுத்தாவணிகளில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாமலிருக்க அது ஏற்பட்டது. எதிரே நிற்பவரோடு பேசுவதற்கு அது ஒத்துவரலாம். தூரத்தில் இருப்பவருக்கு ஒவ்வாது. "விலை நேரில்" என்ற சொல்லைப் படிப்பவர் அதிக விலை என்றே எண்ணி விட்டுவிடுவார். அல்லது பணமில்லாதவரும் பொழுதுபோக்காக வந்து சேர்வார். எனவே, கேட்கும் விலையை இலக்கத்தில் எழுதி, குறைக்க இடமுண்டா இல்லையா என்பதையும் சேர்க்க. மேற்கூறிய ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் ஒரு வெள்ளைக் குதிரையை உதாரணங் காட்டி, ஐந்நூறு ரூபாய்க்கோ ஆயிரம் ரூபாய்க்கோ விற்பதாகச் செய்துகொண்ட ஏற்பாடு, எந்த விலை என்பது நிச்சயமில்லாமையால் செல்லாது என்று கூறுகிறது. சேணம், கடிவாளம், வண்டி முதலியன விலையில் அடக்கமா என்பதையும் எழுதாவிடில், கடைசி நேரத்தில் அதுவே தகராறாக முளைக்கும்.

விற்கும் காரணத்தையும் ஒரு வரியிற் கூறவேண்டும். "மகன் வெளியூர் சென்றான், ஏறுவாரில்லை" என்பதுபோன்ற உண்மையான காரணம், படிப்பவர் மனத்தில் எழும் முதற்கேள்விக்கு விடையாகும்.

படம் எடுக்கும் முறை

இக்காலத்தில் கைபேசியினாலேயே படமும் சலனப்படமும் எடுத்து அனுப்ப முடிகிறது. ஆயினும் மாலையும் சலங்கையும் பட்டுத் துணியும் போர்த்தி எடுத்த படத்தில் குதிரையைக் காணமுடிவதில்லை. சேணமின்றி, சமதரையில், வெயில் படமெடுப்பவரின் முதுகில் படும்படி, பக்கவாட்டில் நிறுத்தி எடுக்கவேண்டும். நான்கு குளம்புகளும் தெரியவேண்டும், புல்லில் மறையலாகாது. இரு பக்கம், முன்புறம், பின்புறம், முகம், பல், குறையுள்ள இடம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படம் போதும்.

சலனப்படத்தில், கெட்டித் தரைமேல் குதிரையை நேராக நடத்திச் சென்று திரும்பவும், பின்பு மெல்லோட்டமாக ஓட்டியும் காட்டவேண்டும். முன்காலில் நோவிருந்தால், அந்தக் காலை ஊன்றும்போது தலை மேலே எழும். வாங்குகிறவர் இதை வீட்டிலிருந்தே கண்டுகொள்வார். குறையில்லாத குதிரைக்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

மாதிரி விளம்பரம்

மேற்கூறியவற்றையெல்லாம் சேர்த்தால் விளம்பரம் நீண்டுவிடும் என்று அஞ்சவேண்டாம். கீழ்க்காணும் மாதிரியைக் கவனிக்க:

"மார்வாரிக் கலப்புப் பெட்டைக் குதிரை விற்பனைக்கு. வயது 8 (பல் பார்த்து மதித்தது). உயரம் 57 அங்குலம். சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, பின்னங்கால் இரண்டும் வெள்ளை. சுழி நெற்றியில் ஒன்று, கழுத்தில் பக்கத்துக்கு ஒன்று. சேணத்துக்கு 4 வருஷமாகப் பழகியது; வண்டிக்குப் பழகாதது. வாரம் மூன்று நாள் தோட்டத்தில் ஏறப்படுகிறது. குளம்பு தூக்கவும் லாடம் அடிக்கவும் நிற்கும், கடிக்காது. லாரி, பஸ் ஊதலுக்கு மிரளும். சாலைச் சவாரிக்கும் சிறுவர்க்கும் ஏற்றதன்று. சென்ற வருஷம் வலது முன்காலில் சுளுக்கு. ஒரு மாதத்தில் குணமாயிற்று. தீனி கொள்ளும் சோளத்தட்டும். ஏறுவாரில்லாமையால் விற்கப்படுகிறது. விலை ரூ. 70,000, சிறிது குறைக்கலாம். சேணம் அடக்கமில்லை. ஞாயிறு காலையில் வந்து ஏறிப் பார்க்கலாம்; உங்கள் வைத்தியரையும் அழைத்து வரலாம்."

இதன்கீழ் விலாசமும் தொலைபேசி எண்ணும் எழுதினால் முடிந்தது. இதில் "மிக அருமையான", "கிடைத்தற்கரிய" முதலிய சொற்கள் ஒன்றுமில்லை, தேவையுமில்லை. "உங்கள் வைத்தியரையும் அழைத்து வரலாம்" என்ற கடைசி வாக்கியம், எந்தப் புகழ்ச்சியைக் காட்டிலும் அதிகம் பேசும்.

சந்தைக்குக் கொண்டுசெல்வோர்

ஈரோடு ஜில்லாவைச் சேர்ந்த அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை, தமிழ்நாட்டில் குதிரை விற்பனைக்கு மிகவும் பேர்பெற்றது. திப்பு சுல்தான் காலந்தொட்டே அது நடந்து வருவதாகச் சொல்வதுண்டு. வெளி மாகாணங்களிலிருந்தும் குதிரைகள் அங்கே வருகின்றன. அத்தகைய கூட்டத்தில் வாங்குகிறவர் ஒரு குதிரையின் முன் நிற்பது சில நிமிஷங்களே. மேற்கண்ட மாதிரியைத் தடித்த அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் குதிரையின் அருகே கட்டிவைத்தால், தரகரின் வாய்ச்சொல்லை எதிர்பாராமல் அவரே படித்துக்கொள்வார். தரகரை வைத்துக்கொண்டாலும், அட்டையில் உள்ளதற்கு மாறாக அவர் பேசமுடியாது.

காங்கயம் மாடுகளுக்கும் இதுவே முறை. பல் எத்தனை, ஏர் உழுததா, வண்டி இழுத்ததா, நுகத்தில் இடப்பக்கம் பழகியதா வலப்பக்கமா, ஒற்றையாய்ப் போகுமா என்று எழுதினால், பழையகோட்டைச் சந்தைக்கு வருமுன்பே வாங்குகிறவர் தமது மாட்டுக்கு இணை கிடைக்கும் என்று அறிந்து வருவார்.

விற்பனை முடிந்தபின்

விளம்பரத்தின் நகல் ஒன்றை விற்பனை ரசீதோடு இணைத்து, இருவரும் கையொப்பமிட்டு, இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் பெற்று, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் வழக்கு எழுந்தால், என்ன சொல்லி விற்கப்பட்டது என்பதில் தகராறுக்கு இடமிராது. கிராம அதிகாரிகள் இவ்வழக்கத்தைத் தத்தம் கிராமங்களில் பரவச் செய்வார்களாயின், பஞ்சாயத்துக்கு வரும் கால்நடை வழக்குகளிற் பல தாமே குறைந்துபோகும்.

ஊத்துக்குளி வெண்ணெய்க்கு எவரும் பெரிய விளம்பரம் செய்து பெயர் தேடவில்லை. வாங்கியவர் மறுபடி வாங்கும்படி சரக்கு இருந்ததனால் பெயர் தானாக நிலைத்தது. குதிரை விற்பவர் ஒருவருக்கு இரண்டாம் முறை விற்கும் சந்தர்ப்பம் அரிதே. ஆயினும் வாங்கியவர் தமது ஊரில் நாலு பேருக்குச் சொல்லுவார். முன் கூறிய தென்னந்தோப்புக்காரர், அடுத்த வருஷம் தம் உறவினர் ஒருவருக்கு மாடு வேண்டியிருந்தபோது, அதே குடியானவரிடமே அவரை அனுப்பினார். அந்த மாட்டுக்கு விளம்பரம் எழுதவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. நமது வட்டாரத்துக் குடியானவர்கள் இம்முறையைக் கைக்கொண்டு பயனடைவார்களாக.